பெருமாளுக்கு என்ன சுகரா?

மயிலாப்பூரில் அடையாறு பஸ் கிளம்பியதுமே முன்சீட்டு மாமா ஆரம்பித்துவிட்டார், கண்டக்டருக்கும் கேட்கிற குரலில்.

"பெருமாளுக்கு என்ன சுகரா? சக்கரைப் பொங்கல்ல போய் வெல்லத்துக்குப் பதிலா, சுகர்காரா போட்டுக்கற சீனித்துளசிப் பொடியைப் போட்டிருக்கியே!"

அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "துளசின்னா அவருக்கு ஒசத்திதானே."

"வாயெல்லாம் கசக்கறது. நைவேத்யம்னா ஒரு மரியாதை வேண்டாமா?"

"காபில அதே பொடியைப் போட்டுண்டு, தொட்டுக்க ரெண்டு ஜாங்கிரி முழுங்கறேளே, அந்த மரியாதையா?"

மாமா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டார். பின்சீட்டில் நாங்கள் எல்லோரும் மும்முரமாக ஃபோனைப் பார்த்தோம்.

"என்னை விடு. பகவானை ஏன் பத்தியத்துல போடறே?"

"யார் போட்டா? அவருக்கு வெல்லம்தான். முந்திரி, நெய் எல்லாம் வழிய வழிய. பொடி போட்டது உங்களுக்கு மட்டும், தனியா சின்னப் பாத்திரத்துல."

மாமாவின் குரலில் திடீரென்று பக்தி வந்துவிட்டது.

"அப்போ அந்தப் பிரசாதம் எங்கே?"

"சாப்பிட்டாச்சு. எனக்கேது சுகர்?"