போகாமல் நின்ற நாற்பத்தோரு விநாடி

உங்கள் அலுவலகத்துக் கதவு நல்ல கதவு, மேடம். உள்ளே வரும்போது ஒரு விரலால் தள்ளினேன், திறந்துகொண்டது. தண்ணீர் குடிக்க வெளியே போனபோதும் அதே விரல்தான். எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு கதவை யாராவது வரைந்துகொண்டு வந்திருந்தால், அவரை நடுவில் உட்காரவைத்து மத்தியானம் வரை கிண்டல் செய்திருப்போம். வெளியே போகும் கதவு லேசாக இருக்கக் கூடாது. லேசாக இருப்பதுபோலத் தெரிந்தால் போதும்.

விசாரணையில் வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு அது வராது. பேசியதற்காகவே பள்ளிக்கூடத்தில் பாதி நாள் வெளியே நின்றவன் நான். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன்.

நல்ல போன் செய்தால் விற்கும் என்று வெளியில் நினைக்கிறார்கள். விற்கும், ஆறு மாதம். அதற்குள் எதிர்க் கம்பெனிக்காரன் அதே கேமராவை இன்னும் நன்றாகச் செய்துவிடுவான். அவனால் செய்யவே முடியாதது ஒன்று எங்களிடம் இருந்தது. உங்கள் குழந்தை முதல்முதலாக எழுந்து நின்ற வீடியோ, கல்யாணத்துக்கு முன் நீங்கள் இருவரும் சண்டை போட்ட செய்திகள், அப்பாவின் கடைசிப் படம், எல்லாம் எங்கள் போனுக்குள் இருந்தன. அதை விட்டுவிட்டு எங்கே போவீர்கள்? அந்தத் தைரியத்தில் நாங்கள் பல வருடம் நிம்மதியாகத் தூங்கினோம்.

பிறகு சட்டம் வந்தது. வாடிக்கையாளர் வேறு போனுக்குப் போனால் அவருடைய எல்லாவற்றையும் நாமே மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் பெரியவர், அதாவது முதலாளி, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. எல்லாம் போச்சு. நம்ம கையாலயே எடுத்துக் கொடுத்து அனுப்பச் சொல்றாங்க."

"அனுப்புவோம் சார். சந்தோஷமாவே அனுப்புவோம்," என்றேன்.

அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில். ஆபீஸில் எனக்குப் பெயரே 'பெண் வீட்டுக்காரர்' என்றாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பிவைப்பவன், இல்லையா? நானும் சிரித்துக்கொண்டேன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே. என் வீட்டிலிருந்துதான். என் மனைவி என்னைவிட்டுப் போனபோது இரண்டு பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். சீப்பைக்கூட விடவில்லை. கெட்டிக்காரி. ஏதாவது ஒன்றை மறந்து வைத்திருந்தால் அதை எடுக்க ஒரு நாள் வந்திருப்பாள், நானும் டீ போட்டுக் கொடுத்திருப்பேன். அலமாரியை ஒரு வாரம் துழாவினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை.

அதனால் நாங்கள் செய்த செயலிக்கு 'மூட்டை' என்றே பெயர் வைத்தோம். ஒரு தொடு, அவ்வளவுதான். ஆயிரம் படமானாலும் பத்தாயிரம் படமானாலும் புதுப் போனுக்குப் போய்விடும், பழைய போன் துடைத்துக் காலியாகிவிடும். ஐந்தைத் தவிர. அந்த ஆள் எதை அதிகமாகத் திறந்து பார்க்கிறாரோ அந்த ஐந்து. அதிலும் பெயர் போகும், சின்னதாக மங்கலான படம் ஒன்று போகும். தொட்டால் நடுவில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் யாரைத் திட்டுவார்? கையில் இருக்கும் புதுப் போனைத்தான்.

நாங்கள் ஒன்றும் இரக்கமில்லாதவர்கள் அல்ல, மேடம். அந்த ஐந்தும் எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும், எங்கள் போனுக்குத் திரும்பி வந்தால் வந்துவிடும். எத்தனை பேர் அழுதுகொண்டே நன்றிக் கடிதம் எழுதினார்கள் தெரியுமா? ஒருவர் திரும்பி வந்தால் ஆபீஸில் மணி அடிப்போம். நூறு பேர் வந்தால் கேக். அந்த வருடம் எல்லோருக்கும் இடுப்பு பெருத்துவிட்டது. அவ்வளவு கலகலப்பான ஆபீஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இப்போது தங்கை விஷயம். அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். மருந்துக்கடையில் வேலை, மகா பிடிவாதக்காரி. அவள் கணவர் இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. நல்ல மனுஷன். சமையலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று திருகப்போய், தண்ணீர் பீறிட்டு முகமெல்லாம் அடித்து, அவர் விழுந்து விழுந்து சிரித்ததை அவள் படம் பிடித்து வைத்திருந்தாள். நாற்பத்தோரு விநாடி. அவர் குரல் அவளிடம் இருந்தது அந்த ஒன்றில்தான். காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

அவள் எதிர்க் கம்பெனி போனுக்கு மாறினாள். "அதுல எழுத்து பெருசா தெரியுதுண்ணா," என்றாள், காரணம் அவ்வளவுதான். என்னிடம் கேட்கக்கூட இல்லை. மூட்டை தன் வேலையைச் செய்தது. அதற்கு என் தங்கை, உன் தங்கை என்று தெரியாது.

அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வந்தது அன்றுதான். போனை நீட்டினாள்.

"அண்ணா, சுத்திக்கிட்டே இருக்குண்ணா. அவரு வரவே மாட்டேங்கிறாருண்ணா."

அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு நிமிடம் போதும். டீ போட்டுக் கொடுத்தேன். மனசு என்னவோ நிறைவாக இருந்தது. "அந்தக் கம்பெனிப் போன் அப்படித்தான்மா. நாளைக்கும் வா, பார்ப்போம்," என்றேன்.

எதிர்க் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் அவள் நான்கு நாள் நடந்தாள். அங்கே ஒரு மெக்கானிக் பெண், நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருப்பாள். பொறுமைசாலி.

"அக்கா, பேர் மட்டும்தான் வந்திருக்கு. உள்ள ஒண்ணுமே வரலக்கா. பழைய கம்பெனியிலயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

"அங்க என் கூடப்பிறந்த அண்ணனே இருக்கான். அவன் எனக்குத் துரோகம் பண்ணுவானா? முழுங்கினது உங்க போன்தான்."

இதை அவளே என்னிடம் வந்து சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. பெரியவரிடம் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை உங்க தங்கச்சி கேமரா முன்னாடி சொல்வாங்களா?"

"நான் சொன்னா சொல்லுவா சார்."

சொன்னாள். ஊரெல்லாம் பார்த்தது. எதிர்க் கம்பெனி விற்பனை படுத்துவிட்டது. பூதக்கண்ணாடிப் பெண்ணின் பெயரையும் தங்கை அதில் சொல்லியிருந்ததால் அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. அவள்தான் பிறகு வீடு வீடாகப் போய், இதேபோல் வட்டம் சுற்றும் போன்களாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்தாள் என்று அறிகிறேன். வெளியே பெஞ்சில் பார்த்தேன். வணக்கம் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வருத்தமில்லை, கெட்டிக்காரப் பெண்.

தங்கை எங்கள் போனுக்கே திரும்பினாள். நான்கு படங்கள் வந்தன. வீடியோ வரவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இது கம்பெனி செய்ததல்ல, பெரியவருக்கும் தெரியாது. நான்தான் அதை முன்பே கம்பெனிக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். ஊருக்கே காணோம் என்று சொன்னவளுக்கு அது திரும்பக் கிடைத்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேச மாட்டார்களா? கம்பெனி நலனுக்காகத்தான் செய்தேன்.

அதன்பிறகு ஞாயிறு தவறாமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். சாப்பிட்டு முடித்ததும் கேட்பாள், "அண்ணா, அவரு எப்படிச் சிரிப்பாரு, ஒரு தடவை செஞ்சு காட்டேன்." நான் குழாயைத் திருகுவதுபோல் திருகி, முகத்தைத் துடைத்து, முதலில் ஒரு இருமல், பிறகு மூன்று முறை விட்டு விட்டுச் சிரிப்பு, "அடியே, துண்டை எடு" என்பது வரை அப்படியே செய்வேன். அவள் சிரிப்பாள், அழுவாள், மறுபடி சிரிப்பாள்.

"எப்படிண்ணா உனக்கு மட்டும் இவ்வளவு ஞாபகம்? எனக்கே அந்த இருமல் மறந்துபோச்சு."

அவள் வருவதற்கு முன் இரண்டு தடவை பார்த்துக்கொள்வேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது அல்லவா? இந்த ஒரு வருடம்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை, மேடம். வீட்டுக்குப் புதுத் திரைச்சீலைகூட வாங்கிப் போட்டேன்.

நீங்கள் முதலிலேயே கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீடியோ அழியவில்லை. உங்கள் மேஜையில் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே, என் போன், அதில் இருக்கிறது. திறக்கும் எண் தங்கையின் பிறந்த நாள். தாராளமாகக் கொடுத்துவிடுங்கள், அவளுடையதுதானே. நான் யாருடைய பொருளையும் எனக்கென்று வைத்துக்கொண்டவன் இல்லை.

ஒரே ஒரு உதவி. கொடுத்த கையோடு, வரும் ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போவீர்களா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். இரண்டு பேருக்குச் சமைப்பதா, ஒருவருக்கா என்று எனக்குத் தெரிய வேண்டும்.