விடுவிக்கப்பட்ட இடம்

மார்க்கம் றோட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மடியில் லப்டொப். ஏதோ ஒரு நூதனசாலைக் கண்காட்சியில் மாட்டப்போகும் பலகைக்கான வாசகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். பஸ் வோபர்ன் பகுதிக்குள் நுழையும்போது அவள் கேட்ட கேள்வியில் நான் போனைப் பார்ப்பதை விட்டேன்.

“விடுதலை செய்த நாட்டைத் திருப்பிக் குடுக்கிறதெண்டா ஆரிட்டைக் குடுக்கிறது?”

“எந்த நாட்டை?”

“வியட்நாம். யப்பான்காரனைக் கலைச்சாப் பிறகு பழையபடி தாங்கள்தான் ஆளவேணுமெண்டு, இரண்டாம் உலகச் சண்டை முடிய முதலே பிரான்ஸ்காரர் அமெரிக்காவோடையும் பிரித்தானியாவோடையும் பேசியிருக்கினம்.”

“வியட்நாம் சனத்தைக் கேட்டவையோ?”

“பலகையில அப்பிடி ஒண்டும் இல்லை.”

“அப்ப ‘விடுதலை’ எண்டு போடாதையும்.”

“இங்கிலீஷில லிபரேற்றட் எண்டெல்லோ கிடக்கு. ‘விடுவிக்கப்பட்ட’ எண்டு போடட்டோ?”

மற்றவள் சிரித்தாள்.

“ஓம், அதைப் போடும். ஊரில எங்கட காணியையும் ஆமி விடுவிச்சிட்டுதெண்டு அரசாங்கக் கச்சேரியில இருந்து கடிதம் வந்தது. அண்ணா போய்ப் பாத்தவர். கிணறு வேலிக்கு இஞ்சால. வீடு அங்கால, ஆமிக் காம்புக்குள்ள.”

லப்டொப்காரி தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது.

“போட்டிட்டன். வாசிக்கிற ஆக்களுக்கு விளங்குமோ?”

“இங்கிலீஷில வாசிக்கிறவைக்கு விளங்காது. தமிழில வாசிக்கிறவைக்கு விளங்கும்.”