ஈரக்கை மடு

அணைகளுக்கு முந்தைய காலம், பவானி தன் இஷ்டத்துக்கு ஓடிய காலம். அதன் கரையில் கூழாங்கரை என்று ஓர் ஊர். அந்த ஊரில் நஞ்சப்பன் என்று ஒருவர் இருந்தாராம். நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதுகிறவர். எழுதியது அரண்மனையும் நந்தவனமும். மனசு கிடந்தது ஊருக்குக் கீழே ஆறு ஆழமாகத் தேங்கி நின்ற மடுவில்.

ஒருநாள் கோழி இறகு ஒன்று மடுவில் விழ, பெரிய கெண்டை ஒன்று எழும்பி அதைக் கவ்வியதாம். அவ்வளவுதான், மனுஷன் மயங்கிப்போனார். சேவல் இறகு, மயில் இறகு, மனைவி பாவாத்தாளின் கூறைப்புடவைச் சரிகை, எல்லாம் தூண்டில் முள்ளில் மீனை ஏய்க்கும் பொய்ப் பூச்சியாக மாறின. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கியை அரத்தால் தேய்த்துவிடுவார், மீனின் வாய் கிழியக் கூடாதென்று. பிடிப்பார், ஆசைதீரப் பார்ப்பார், விட்டுவிடுவார். வீட்டுக்கு வந்து பழைய திரைத்துணியில் அதே நீளத்துக்குப் படமாக எழுதிவைப்பார்.

"என்னங்ண்ணா, ஏதாச்சும் சிக்குச்சா?"

"எங்கீங்க! அதுல தவளைகூட இல்லீங்க."

இருபது வருஷம் ஊர் கேட்டது இதே கேள்வி, அவர் சொன்னது இதே பதில். மீன் இருக்கிறது என்றால் மறுநாளே வெடி போட்டு அள்ளிவிடுவார்களே! எந்த ஊர்த் தூண்டில்காரனும் சாண் மீனை முழம் என்பான். இவர் முழ மீனை இல்லவே இல்லை என்றார். ஊர் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்போதுதான் மடுவுக்கு மேலே தோல் பதனிடும் ஆலை வரப்போகிறது என்று சேதி வந்தது. கழிவெல்லாம் மடுவுக்குள். ஊர் மனு எழுதியது, மறுபடி எழுதியது. ஏழாவது மனுவுக்கு ஓர் அதிகாரி வந்தார், ஆலை முதலாளியின் காரிலேயே.

"இதுல மீனே இல்லியாமே? உங்க தூண்டில்காரரே இருபது வருஷமாச் சொல்றாராம். செத்த தண்ணிக்கு எதுக்குய்யா மனு?"

ஊர் திரும்பி நஞ்சப்பனைப் பார்த்தது. இல்லையென்றால் கழிவு வரும், உண்டென்றால் வெடி வரும். என்ன சொல்வார்?

பாவாத்தாள்தான் சொன்னாளாம். "எங்கூட்டுல வந்து பாருங்க. முந்நூறு மீனை எழுதிச் சுருட்டி வெச்சிருக்கறாரு. பெருக்க முடியல."

"படத்துல மீனா? உசுரோட காட்டச் சொல்லும்மா."

நஞ்சப்பன் தண்ணீரில் இறங்கினார். ஊரே கரையில். வீசினார், ஒன்றுமில்லை. வீசினார், ஒன்றுமில்லை. சரிகைப் பூச்சியை மாற்றி மறுபடி வீசினார். மடு வெடித்தது போலத் தண்ணீர் எழும்பியது! மேலே இழுத்தது, கீழே இழுத்தது. உச்சிவெயிலில்தான் முழங்கால் தண்ணீருக்கு வந்தது, மூன்று முழக் கெண்டை.

"எட்றா அருவாள! ஊருக்கே கொழம்பு!" என்று குதித்தான் கறிக்கடை ராக்கியப்பன்.

நஞ்சப்பன் மீனை அணைத்துக்கொண்டு நின்றார். கெஞ்சவில்லை.

"தொடுங்க. எல்லாரும் வந்து தொடுங்க. கைய நனைச்சுட்டுத் தொடுங்க. காஞ்ச கை பட்டா மேல இருக்கற வழுவழுப்புப் போயி, புண்ணாகிச் செத்துரும்."

முதலில் ராக்கியப்பனையே கூப்பிட்டார். அவன் அரிவாளைக் கீழே வைத்தான், நனைத்தான், தொட்டான். "அடேங்கப்பா, மூச்சு வுடுதுங்க!" பிறகு ஒருவர் பின் ஒருவராக ஊர் முழுக்க வந்தது. அதிகாரி மட்டும் பூட்ஸோடு கரையில் நின்றார்.

"ஏனுங், கையெழுத்துப் போடற கைதானுங்களே, நனைஞ்சா அழிஞ்சிராதுங்க" என்றாள் பாவாத்தாள்.

அவரும் நனைத்தார். தொட்டார். நஞ்சப்பன் கையை விரித்தார், மீன் போயிற்று.

தொட்ட கையால் வெடி போட யாருக்கும் மனசு வரவில்லை என்பார்கள். அதிகாரி கையெழுத்துப் போட, ஆலை ஆற்றோடு எட்டு மைல் கீழே போனது. அங்கே ஆறு கறுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

மடுவுக்கு அன்றிலிருந்து ஈரக்கை மடு என்று பேர். இன்றைக்கும் கூழாங்கரையில் பிறந்த குழந்தையை முதன்முதலில் கையில் வாங்குகிறவர்கள், தண்ணீர் தொட்டுக்கொண்டுதான் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

"மீனுக்கே நனைச்சோமுங்க. புள்ளைக்கு நனைக்க மாட்டமா?"