இரண்டாம் முறை சொன்னவள் நான்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று நடுப்பாயில் வீற்றிருக்கும் லபாஹா ஊரின் பெருமைக்குரிய பிரபு அவர்களே, அவர் பக்கத்தில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் ஊர் அதிகாரி அவர்களே, ஞாயிறுதோறும் எங்களைத் திருத்தப் பார்த்துத் தோற்றும் சோராத போதகர் ஐயா அவர்களே, காவா வேர்ப்பானம் பிழியும் கைகளே, கிழங்கு விளைத்த கரங்களே, பாய் முடைந்து முடைந்து விரல் தேய்ந்த தாய்மார்களே, அத்தைமார்களே, உங்கள் அத்தனை பேர் காலடிக்கும் இந்த லாவினியாவின் வணக்கம்.

என் இடுப்பில் கிழிந்த பாய். என் கழுத்தில் இஃபி இலை மாலை. மன்னிப்புக் கேட்க வருகிறவர் கோலம் இது. மூன்று வாரத்துக்கு முன் இதே கூடத்தில், இதே கோலத்தில், தலை குனிந்து உட்கார்ந்தவன் என் தம்பி சிதலேக்கி. "இவ எதுக்குடி எலையப் போட்டுட்டு வந்து நிக்கிறா?" என்று பின்வரிசையில் கேட்கிறது. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன், அத்தை.

கப்பல் வந்த நாளெல்லாம் வேனை அவன் ஓட்டினான். வாயை நான் ஓட்டினேன். காலையில் துறைமுகத்தில் ஆளேற்றி, மூன்று கல்லால் முன்னோர் நிறுத்திய வாசலைக் காட்டி, பழைய தலைநகரமாம் நம் ஊரின் படிக்கல் கல்லறைகளைக் காட்டி, மண்ணடுப்பில் வெந்த கிழங்கைக் கொடுத்து, மாலையில் கப்பலில் சேர்ப்போம். கல்லைக் காட்டினேன், காலத்தைக் காட்டினேன். கடைசியில் யாரைக் காட்டிக் கைதட்டு வாங்கினேன்?

கல்லறைப் பக்கத்தில் ராஜா பெண் கொண்ட கதை ஒன்று சொல்வேன். கொஞ்சம் படுக்கையறைக் கதை. அக்காள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால் நம் வழக்கப்படி தம்பி அங்கே நிற்கலாமா? உங்களில் யார் நின்றிருப்பீர்கள்? அவன் சட்டென்று வேனைவிட்டு இறங்கித் தென்னைக்கு அப்பால் ஓடிப் போய்க் காயலைப் பார்த்து நிற்பான். முதல் தடவை யோசிக்காமல் சொன்னேன். ராஜா கதைக்குச் சிரிக்காதவர்கள் என் தம்பியின் ஓட்டத்துக்குச் சிரித்தார்கள். அடுத்த கப்பலுக்குத் தெரிந்தே சொன்னேன். அதற்கடுத்த கப்பலுக்கும் தெரிந்தே சொன்னேன்.

ஒருநாள் வேனைக் கழுவிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டான்.

"அக்கா, அந்த எடத்துல வேற ஏதாவது சொல்லக்கூடாதா?"

"ஏன் தம்பி, அதுக்குத்தானே கை தட்டுறாங்க."

"சரிக்கா."

அவ்வளவுதான். அந்தச் 'சரிக்கா'வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கப்பல் நாளில் வந்தவர்கள் எல்லாரும் கீழே நின்று படம் பிடித்தார்கள். கதை முடிந்தது, அவன் திரும்பி வந்தான், ஏறினான், வண்டியைக் கிளப்பினான். அப்போது தொப்பி போட்ட ஒருவர், "அம்மா, உங்க தம்பி ஓடினது கேமராவுல விழல. இன்னொரு வாட்டி ஓட வைங்களேன்" என்றார். நான் என்ன செய்தேன்? ஜன்னல் ஓரம் போய், முன்னைவிடப் பச்சையாக, முன்னைவிடச் சத்தமாக, இரண்டாம் முறை சொன்னேன். கைப்பிரேக்கைத் தொடக்கூட நேரமில்லாமல் குதித்து ஓடினான் என் தம்பி. ஆளில்லாத வேன் சரிவில் உருண்டு போய்க் கல்லறையில் மோதியது. கடல் தாண்டி நம் முன்னோர் படகில் கொண்டுவந்து நிறுத்திய மூலைக்கல் இரண்டாகப் பிளந்தது.

"கல்ல ஒடச்சது அவன் வண்டிதானே?" என்கிறார் இடப்பக்கத்து மாமா. ஆமாம் மாமா, வண்டி அவனுடையதுதான். உருட்டியது என் நாக்கு.

விசாரணை நாளில் ஊர் அதிகாரி கேட்டார். "எதுக்குப்பா கைப்பிரேக் போடாம எறங்கின?"

"கவனக்குறைவுங்க" என்றான்.

நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். நம் மண்ணில் அக்காள் உயர்ந்தவள், அவளைக் குற்றம் சொல்லத் தம்பிக்கு வாய் கிடையாது. அந்த வாயில்லாமைக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன். காவா வட்டத்திலிருந்து அவனை எழுப்பினீர்கள், பேசாமல் இருந்தேன். அவன் கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கினீர்கள், பேசாமல் இருந்தேன். பேசியே பிழைத்தவள், பேச வேண்டிய அன்று பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை விமானத்தில் நியூசிலாந்துக்கு ஆப்பிள் பறிக்கப் போகிறான். ஏழு மாதம் என்று சொல்கிறான். படுக்கும் பாயைச் சுருட்டி மச்சான் வீட்டில் கொடுத்துவிட்டான். ஏழு மாதத்தில் திரும்புகிறவன் பாயைக் கொடுப்பானா?

ஊர் அதிகாரி அவர்களே, குறிப்பேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எழுதுவதால் கல் ஒட்டாது. பாயும் திரும்பி வராது. இருந்தாலும் எழுதுங்கள்.

"இத அவன்கிட்ட சொன்னியாடி?" என்று கேட்கிறீர்கள் அத்தை. கதவுக்கு வெளியே பாருங்கள். பலாமரத்தடியில் முதுகைக் காட்டி நிற்பவன் அவன்தான். அக்காள் மேடையேறினால் அந்தக் கதையைத் தொடுவாள் என்று, நான் வாய் திறக்குமுன்பே எழுந்து போய்விட்டான். நீங்கள் போய்ச் சொன்னாலும், அக்காளைக் குறைகூறும் பேச்சு என்றால் அங்கிருந்தும் எழுந்து போவான். நான் கேட்கும் மன்னிப்பு அவன் காதுக்குப் போய்ச் சேர இந்தத் தீவில் வழியே இல்லை.

கேட்க வேண்டியவனைத் தவிர எல்லாரும் கேட்டீர்கள். கேட்ட காதுகளுக்கு நன்றி கூறி, இந்த மாலையைக் கழற்றாமலே கீழே இறங்குகிறேன். வணக்கம்.