பின்னால் ஒன்றும் இல்லை

கார் ஸ்கிரீன் வரவில்லை என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாவியை முழுதாகத் திருப்பியிருக்க மாட்டார்கள், சார். மீதிப் பேருக்கு ஃபியூஸ் போயிருக்கும், அல்லது எர்த் ஒயர் தளர்ந்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போதும், அணைந்து திரும்ப வந்துவிடும். நாகல் நகரில் பதினாறு வருடமாக இதுதான் எனக்கு வேலை. நீங்கள் தொழிலைக் கேட்டதால் சொல்கிறேன்.

வெங்காய மண்டி அருளப்பன் அண்ணனை நான்கு வருடமாகத் தெரியும். அவர் கார் பின்னால் வந்து என் மனைவி ரூபி மேல் ஏறிய நாளிலிருந்து தெரியும். மார்க்கெட் சந்தில் பூ வாங்கிக்கொண்டு நின்றாள். அவர் ஓடிவிடவில்லை. அவரே காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார், ரூபி பிழைக்கவில்லை. உங்கள் ஸ்டேஷனிலும் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பின்னால ஒன்னும் இல்லன்னுதான்யா நெனச்சேன்." எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர்.

முதல் வருடக் கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் என் கடைக்கு வந்தார். "ஏப்பா ஆனந்து, ரிவர்ஸ் கேமரா ஒன்னு மாட்டணும். உன் கையால மாட்டுனா எனக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்" என்றார். திண்டுக்கல்லில் இத்தனை கடை இருக்க, நல்லது செய்வதாக நினைத்து என்னிடம் வந்தார். மாட்டிக் கொடுத்தேன். ரிவர்ஸ் போட்டுப் பார்த்தவர், "அடேயப்பா, இம்புட்டுத் தெளிவா தெரியுதே. இது அன்னைக்கே இருந்திருந்தா" என்று சொல்லி நிறுத்தினார். ஸ்கிரீன் கண்ணாடியில் பதிந்திருந்த அவர் விரல் ரேகையைத் துடைத்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் கழுத்தைத் திருப்பியதே இல்லை. ஸ்கிரீன் மட்டும்தான். பின்னால் ஏதாவது இருந்தால் வரும் பீப் சத்தம் தலைவலி என்று அதையும் அவரே கழற்றச் சொல்லியிருந்தார்.

கோபம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ரூபி போன பிறகு எனக்கு எதுவும் வருவதில்லை, பசி மட்டும் வரும். அந்தப் பசிக்கும் சோறு போட்டது அவர் மனைவி இன்னாசியம்மாள் அக்காதான். நாற்பது நாள், தூக்குச்சட்டியில் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். "ஸ்கிரீன் கருப்பா கெடக்குப்பா. அது இல்லாம வண்டிய எடுக்கவே பயமா இருக்கு." மறுநாள் காலை எட்டு மணிக்குச் சாணார்பட்டி ரோட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். அன்று மண்டி லீவு, அவர் எழுந்திருக்கவில்லை, சாவி வண்டியிலேயே இருந்தது. எர்த் ஒயர்தான். முறுக்கியதும் ஸ்கிரீன் வந்துவிட்டது. அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

ஒன்றுமே தெரியாமல் பின்னால் போவது எப்படி இருக்கும் என்று அவர் இன்னொரு முறை பார்க்கட்டும் என்று தோன்றியது. ரிவர்ஸ் போட்டால் கேமரா வராமல், அதே கேமராவில் எடுத்து வைத்த வாசலின் படம் வருகிற மாதிரி வைத்தேன். அவர் மண்டிக்குக் கிளம்புவதும் எட்டு மணிக்குத்தான், அதனால் நிழல்கூட மாறாது. படம் அசையவில்லை என்று தெரிவதற்குள் வண்டி நாலடி போயிருக்கும். கேட் தூணில் இடிப்பார், டிக்கி நசுங்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியும். காலை வெயிலுக்கு அந்தக் காரின் நிழல் பின்பக்கம் விழும். அந்த நிழலில் உட்கார்ந்துதான் அக்கா தினமும் சின்ன வெங்காயம் உரிப்பார். காது மந்தம். ஸ்கிரீனில் அவரைப் பார்த்துவிட்டு அண்ணன் இறங்கி வந்து எழுப்பிவிடுவார், அப்புறம்தான் வண்டியை எடுப்பார். அன்று எழுப்பவில்லை. "ஸ்கிரீன்ல ஒன்னும் இல்லையே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதையும் நான் நம்புகிறேன்.

அக்கா அங்கே உட்காருவது எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அவருக்குக் கெடுதல் நினைக்க எனக்கு என்ன இருக்கிறது, சார். நான் போன அன்றும் என்னைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்திவிட்டு, "சாப்டியா தம்பி? செத்த நேரம் இரு, காப்பி போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து உள்ளே போனார். அவர் உட்கார்ந்திருந்த முக்காலியையும் வெங்காய முறத்தையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் படத்தை எடுத்தேன். எடுத்து முடித்ததும், வந்து தேடினால் அக்காவுக்குச் சிரமம் என்று, இரண்டையும் காருக்குப் பின்னால் அதே இடத்தில் வைத்தேன்.