எருமை லோனும் ஒரு கையெழுத்தும்

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கோவை அரசு ஆஸ்பத்திரியில் கருவைக் கலைத்துவிட்டுத் திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. மற்றவர் அவளுடைய பக்கத்து வீட்டு அக்கா.

“உன்ற ஊட்டுக்காரரு கையெழுத்துக் கேக்கலையா கண்ணு?”

“இல்லீங்க்கா. என்ற கையெழுத்தே போதும்னுட்டாங்க.”

“எருமை லோனுக்கே அவரு வந்து போட்டாரே?”

“அது எருமைங்க்கா.”

கண்டக்டர் டிக்கெட் கொடுத்து நகர்ந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு புள்ளைக போதும்னதுக்கு டாக்டரம்மா திட்டி வஞ்சாங்களா?”

“இல்லீங்க்கா. வலிச்சா உடனே சொல்லும்மான்னாங்க. நர்ஸம்மா கையப் புடிச்சுட்டே நின்னாங்க.”

“வலியில அழுதுபோட்டியா?”

“வலிக்கு அழுவலீங்க்கா. யாருமே வையலைன்னதும் அழுதுபோட்டேன்.”

அக்கா தோளைச் சற்று இறக்கிக் கொடுத்தார்.

“சாஞ்சுக்க கண்ணு. ஊரு வந்தா எழுப்பறேன்.”