நீல உப்பு

"என் கடை உப்பு நீலமாயிடுச்சு மாமா."

சிதம்பரம் பேருந்து சிப்காட்டைத் தாண்டும்போது முன் இருக்கையில் ஒருவர் தன் மாமனாரிடம் சொன்னார். கிள்ளையில் மளிகைக்கடையாம்.

"ஹெல்த் இன்ஸ்பெக்டரு வந்து உப்புல ஒரு சொட்டு மருந்து விட்டாரு. கருநீலம்! ஐயோ, கலப்பட கேசுதான்னு கத்திட்டேன்."

"அப்பறம்?"

"சிரிக்கிறாரு. நீலமானா அயோடின் இருக்குதாம், நல்ல உப்பாம். வெள்ளையாவே இருந்தாத்தான் கேசாம்."

"அப்பாடா! பொழச்சீங்க மாப்ள."

"எங்க? நான் கத்துன கத்துல உங்க பொண்ணு மிச்சம் ரெண்டு மூட்டையையும் பின்பக்கம் கெணத்துல கொட்டிட்டா. நாளைக்கிக் கெணத்துக்கு பிளீச்சிங் பவுடர் போட அதே இன்ஸ்பெக்டருதான் வர்றாரு."

மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வரட்டுமே. கெணத்துலயும் ஒரு சொட்டு விட்டுப் பாக்கச் சொல்லுங்க. நீலமாத்தான் வரும்."